ஹண்டிங்டன் நோய்க்கான முன்கூட்டிய மரபணுச் சோதனை: ரத்தம் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

பெற்றோரில் ஒருவருக்கு, மூளையை மெல்ல மெல்லச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் என்று உறுதியாகிவிட்டால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. மூத்தவருக்கு வந்துவிட்டது, இளையவர் தப்பிவிடுவார் என்ற கணக்கும் கிடையாது. ஒவ்வொரு பிறப்புக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது.

நோய் பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். விரல்களும் தோளும் தன்னாலே ஆடுவது, நடை தடுமாறுவது, காரணமில்லாத கோபம், நீங்காத சோர்வு, நேற்று வரை பார்த்த கணக்குவழக்கு இன்று பிடிபடாமல் போவது என்று தொடங்கி, 15 முதல் 20 ஆண்டுகள் வரை நீளும். ஆட்டத்தைக் குறைக்க டெட்ராபெனசின் போன்ற மாத்திரைகள் உண்டு. மனச்சோர்வுக்கும் கோபத்துக்கும் மருந்து உண்டு. நோயையே தடுக்கிற மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட டோமினெர்சென் என்ற ஊசி மருந்தின் இறுதிக்கட்ட ஆய்வு 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. வேறு மரபணு மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன.

இந்த வழிகாட்டி, குடும்பத்தில் நோய் இருந்து, தனக்கு அறிகுறி எதுவும் இல்லாமல், ‘நான் சோதனை செய்துகொள்ளட்டுமா’ என்று யோசிப்பவருக்காக. அவருடைய கணவன் அல்லது மனைவியும் உடன்பிறந்தவர்களும் படிப்பது நல்லது. ஏற்கெனவே அறிகுறி இருப்பவருக்குச் செய்யும் சோதனை நோயைக் கண்டறிவதற்கானது. அதன் நடைமுறை வேறு.

செய்துகொள்வேன் என்பதும் செய்துகொள்வதும்

1983 இல், வெனிசுவேலாவின் மரகாய்போ ஏரிக்கரைக் குடும்பங்களின் ரத்தத்தையும் துணையாகக் கொண்டு, இந்த நோய்க்கான மரபணு 4 ஆம் குரோமோசோமில் இருப்பது கண்டறியப்பட்டது. அதை வைத்து 1986 வாக்கில் முதல் முன்கூட்டிய சோதனைகள் தொடங்கின. 1993 இல் மரபணுவே கையில் கிடைத்தது. சோதனை வருவதற்கு முன்பு மேலை நாடுகளில் நோயுள்ள குடும்பத்தினரிடம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘வந்தால் கட்டாயம் செய்துகொள்வேன்’ என்றார்கள். வந்த பிறகு செய்துகொண்டவர்கள், நாட்டுக்கு நாடு மாறினாலும், பெரும்பாலும் 5 முதல் 20 சதவீதம்தான்.

இந்த இடைவெளியைப் பலர் கோழைத்தனம் என்று படிக்கிறார்கள். அது தவறு. எட்டாத தூரத்தில் இருக்கும்போது சோதனை ஒரு தகவலாகத் தெரிகிறது. கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தவுடன் அது இனி திருப்பித் தர முடியாத ஒரு பொருள் என்பது புரிகிறது. தெரியாமல் இருக்கும் 50 சதவீதத்தில் நம்பிக்கைக்கும் பாதி இடம் உண்டு. அந்த இடத்தை விட்டுக்கொடுக்க விரும்பாதவர் நன்றாக யோசித்தவர்தான். அதேபோல, ‘நிச்சயமில்லாமல் ஒவ்வொரு முறை கை தவறிக் காபி கொட்டும்போதும் பயப்படுவதைவிடத் தெரிந்துகொள்வது மேல்’ என்பவரும் சரிதான். இரண்டில் ஒன்றை மற்றவர் உங்களுக்காகத் தேர்ந்தெடுப்பதுதான் சரியில்லாதது.

மார்பகப் புற்றுநோய் மரபணுச் சோதனையோடு இதை ஒப்பிட்டு ‘முன்னாடியே தெரிந்தால் நல்லதுதானே’ என்று சொல்லும் உறவினர்கள் இருப்பார்கள். அங்கே முடிவு தெரிந்தால் செய்ய வேலை இருக்கிறது: அடிக்கடி ஸ்கேன், தேவையானால் அறுவை சிகிச்சை. இங்கே அப்படி ஒரு வேலை இன்னும் இல்லை. மருத்துவக் காரணத்துக்காக அவசரப்பட வேண்டிய கட்டாயமும் ஆகவே இல்லை.

முதல் வேலை: குடும்பத்தில் இருப்பது ஹண்டிங்டன்தானா?

சோதனைக்கு வருகிறவர்கள் பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ‘அப்பாவுக்குக் கை கால் ஆடியது, தாத்தாவுக்கும் அப்படித்தான்’ என்பது போதாது. சிறுமூளைத் தேய்மான வகைகளில் 17 ஆம் வகை அச்சாக இதே போல இருக்கும். உடலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்கும் கை நடுக்கமும் மனநிலை மாற்றமும் உண்டு, அதுவோ சிகிச்சையால் கட்டுக்குள் வரக்கூடியது. நோய் வேறாக இருந்தால், உங்கள் ஹண்டிங்டன் சோதனை ‘இல்லை’ என்று வரும். நீங்கள் தப்பித்துவிட்டதாக நினைப்பீர்கள். உண்மையில் தவறான கேள்விக்குச் சரியான பதில் வாங்கியிருப்பீர்கள்.

எனவே, நோயுள்ள உறவினரின் மரபணு அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும் (அவை எதை எண்ணுகின்றன என்பது கீழே வருகிறது), ஒன்று பெரும்பாலும் 40 அல்லது அதற்கு மேல். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹண்டிங்டன்’ என்ற சொல் மட்டும் இருந்தால் அது மருத்துவரின் கணிப்பு, சான்று அல்ல. அறிக்கையே இல்லையென்றால், நோயுள்ளவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் சம்மதத்துடன், அவருக்குச் சோதனை செய்துவிடுங்கள். குறைந்தபட்சம் அவர் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்து ஆய்வகத்தில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். இறந்த பிறகு இதற்கு வழி தேடுவது பெரும்பாடு.

அடுத்து வம்சப் படம். ஒரு முழுத்தாளில் மூன்று தலைமுறை: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்குள் மை நிரப்புங்கள், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு. ஒவ்வொருவருக்கும் அறிகுறி தொடங்கிய வயது, இறந்த வயது, காரணம். நம் வீடுகளில் இந்த நோய் அதன் பெயரில் பதிவாவது அரிது. ‘பைத்தியம் பிடித்துவிட்டது’, ‘குடித்துக் கெட்டார்’, ‘செய்வினை’, ‘கிணற்றில் விழுந்தார்’ என்று வேறு பெயர்களில்தான் நினைவில் இருக்கும். பெரியப்பா ஏன் 45 வயதில் வேலையை விட்டார், அத்தை ஏன் வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை என்று வயதான பாட்டிகளிடம் பக்குவமாகக் கேளுங்கள். சீக்கிரம் இறந்துபோனவர்களுக்கு நோய் வெளிப்பட நேரமே கிடைத்திருக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் கட்டியதால் இது வந்தது என்பார்கள். ஹண்டிங்டன் வருவதற்கு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாக இருந்தாலே போதும், அது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். அந்நியத்தில் பெண் எடுத்தால் தப்பிவிடலாம் என்பது இங்கே செல்லாது. ஆனால் நோயுள்ள குடும்பத்துக்குள்ளேயே திருமணம் நடந்து, இருவரிடமும் பழுதான பிரதி இருந்தால், பிள்ளைக்கான வாய்ப்பு 75 சதவீதமாகிறது.

வயதும் கணக்கில் சேரும். பிறக்கும்போது 50 சதவீதமாக இருந்த வாய்ப்பு, அறிகுறி இல்லாமல் வயது ஏற ஏற இறங்கும். 50 வயதில் முழு நலத்துடன் இருப்பவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 60 வயதில் ஐந்தில் ஒரு பங்கு. 55 வயதுக்காரர் சோதனைக்கு அலைவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சோதனை எதை எண்ணுகிறது

எச்.டி.டி. எனப்படும் இந்த நோயின் மரபணுவின் தொடக்கத்தில் சி.ஏ.ஜி. என்ற டி.என்.ஏ. மூன்றெழுத்து அடுத்தடுத்து வருகிறது. எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என உங்களிடம் இரண்டு பிரதிகள். அறிக்கையில் ‘17/43’ என்பது போல இரண்டு எண்கள் வரும், பெரிய எண்ணைப் பாருங்கள்.

26 வரை இருந்தால் இயல்பு. 27 முதல் 35 வரை இடைநிலை: உங்களுக்கு நோய் வராது, ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போகும்போது, குறிப்பாகத் தந்தை வழியாகப் போகும்போது, எண் கூடிவிடச் சிறு வாய்ப்பு உண்டு. 36 முதல் 39 வரை சங்கடமான பகுதி. சிலருக்கு வரும், சிலருக்கு வாழ்நாள் முழுக்க வராது, வந்தாலும் தாமதமாகவே வரும். 40, அதற்கு மேல் என்றால் இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வரும். 60 ஐத் தாண்டினால் பெரும்பாலும் 20 வயதுக்குள்ளேயே தொடங்கும். அவ்வளவு பெரிய எண்கள் பெரும்பாலும் தந்தை வழியாகவே வருகின்றன.

‘இருக்கு, இல்லை’ என்று இரண்டே பதில்தான் வரும் என நினைத்துப் போகிறவர்கள் 38 என்ற எண்ணைக் கேட்டவுடன் உடைந்துபோகிறார்கள். மூன்றாவது பதிலும் உண்டு என்பதை ஆலோசனையிலேயே முழுதாகக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எண் நோய் தொடங்கும் வயதைச் சொல்லாது. மொத்தத்தில் எண் கூடினால் வயது குறையும் என்பது உண்மை. ஆனால் தனி ஒருவருக்கு அதை வைத்து ஆண்டு குறிக்க முடியாது. ஒரே எண் கொண்ட அண்ணனுக்கும் தம்பிக்கும் பத்து ஆண்டுக்கு மேல் வித்தியாசம் வரலாம். இணையத்தில் கிடைக்கும் அட்டவணையில் உங்கள் எண்ணுக்கு நேரே விரலை வைத்து ‘46 வயது’ என்று படிக்காதீர்கள்.

இனி, தவறான சோதனை. ‘முழு எக்ஸோம்’, ‘200 நரம்பு நோய் பேனல்’ என்ற பெயர்களில் விற்கப்படும் சோதனைகள் மரபணுவைத் துண்டு துண்டாகப் படிப்பவை. அடுக்கடுக்காகத் திரும்ப வரும் எழுத்துகளை அவை நம்பகமாக எண்ணாது. அதிக விலை கொடுத்து, ‘குறைபாடு எதுவும் இல்லை’ என்ற அறிக்கை வாங்கி வந்த பிறகும் ஹண்டிங்டன் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எச்சிலை அஞ்சலில் அனுப்பும் வீட்டுச் சோதனைகளும் இதற்கு உதவாது. சோதனைச் சீட்டில் ‘எச்.டி.டி. மரபணு, சி.ஏ.ஜி. எண்ணிக்கை’ என்று தெளிவாக இருக்க வேண்டும். ஆய்வகத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரே ஒரு எண் மட்டும் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு பிரதியும் ஒரே எண்ணாக இருக்கலாம், அல்லது மிகப் பெரிய இரண்டாவது எண் சாதாரண முறையின் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அப்போது டி.பி.பி.சி.ஆர். என்ற கூடுதல் முறையால் உறுதி செய்ய வேண்டும். எண்ணில் எவ்வளவு கூடக்குறைய வரும்? 35 க்கும் 36 க்கும் நடுவே நிற்பவருக்கு ஓர் எண் வித்தியாசம் வாழ்க்கையையே மாற்றும்.

ரத்தம் கொடுப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

ஆயுள் இன்சூரன்ஸ், மருத்துவ இன்சூரன்ஸ் இரண்டும் தேவையென்றால் சோதனைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்து எழுதிய பாலிசி நெருக்கடி நேரத்தில் கைவிடும். ஆயுள் பாலிசி 3 ஆண்டுகளைக் கடந்துவிட்டால் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 45 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதை நம்பிப் பொய் எழுதுவது நல்ல திட்டமல்ல. மரபணுக் கோளாறு என்று சொல்லி மருத்துவ இன்சூரன்ஸை மறுப்பதற்கு எதிராக 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தாலும், மரபணுவின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு நிலைமை வேறு. கனடாவில் 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரபணுச் சோதனை செய்துகொள்ளச் சொல்லியோ அதன் முடிவைக் காட்டச் சொல்லியோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்தச் சட்டத்தை 2020 இல் கனடா உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிரிட்டனில் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் பாலிசிக்கு மட்டும், முன்கூட்டிய சோதனைகளில் ஹண்டிங்டன் ஒன்றின் முடிவை மட்டும் கேட்கலாம். அமெரிக்காவின் 2008 ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ இன்சூரன்ஸையும் வேலையையும் காக்கிறது. ஆயுள் இன்சூரன்ஸை அது தொடவில்லை.

ரகசியம் எந்த வழியாகக் கசியும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். ஆய்வகப் பதிவில் யாருடைய கைபேசி எண் இருக்கிறதோ அந்த எண்ணுக்குத்தான் அறிக்கை வந்து விழும். குடும்பமே பார்க்கும் வாட்ஸப்பில் அது திறந்துகொள்ளும். ‘அறிக்கையை மருத்துவருக்கு மட்டும் அனுப்புங்கள், எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள். அலுவலக இன்சூரன்ஸில் பணம் திரும்பக் கேட்டால் பில்லில் சோதனையின் பெயர் இருக்கும். கைக்காசு கொடுத்து முடிப்பது பாதுகாப்பு.

முடிவை யாருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். எந்த முடிவானாலும் அந்தப் பட்டியல் மாறக் கூடாது. நல்ல முடிவென்றால் எல்லோருக்கும் சொல்வேன், கெட்டதென்றால் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வைத்தால், உங்கள் மௌனமே அறிக்கையாகிவிடும். சோதனைக்குப் போகும் தேதியை ஊருக்கெல்லாம் சொல்லாமலிருப்பதும் இதற்காகத்தான்.

யாருக்காகச் செய்கிறீர்கள்?

ஆலோசனையில் அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும். நம் நாட்டில் இந்தக் கேள்வி பெரும்பாலும் கல்யாண வடிவில் வருகிறது. வரன் பார்க்கும் வீடு ‘ஜாதகத்தோடு இந்த ரிப்போர்ட்டையும் கொடுங்கள்’ என்கிறது. அல்லது பெண்ணைப் பெற்றவர்களே ‘செய்துவிட்டால் நிம்மதியாகக் கட்டிக்கொடுக்கலாம்’ என்று தள்ளுகிறார்கள். வந்த முடிவோடு நாற்பது ஆண்டு வாழப்போவது அவர்களல்ல. ஆலோசகர் உங்களைத் தனியாக, பெற்றோரும் மாமியாரும் இல்லாத அறையில், ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அவர் அப்படிச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அது அவருக்கு நீங்கள் தரும் மரியாதை. சட்டமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது: முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றி நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோர இந்து திருமணச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஆபத்து இருக்கிறது என்று சொல்வது ஒன்று, சோதனை செய்து நிரூபிப்பது வேறொன்று. முதலாவது கடமை. இரண்டாவது உங்கள் விருப்பம்.

சோதனை முடிவு உங்களோடு நிற்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள். தாத்தாவுக்கு நோய், அப்பாவுக்கு அறிகுறி இல்லை, அவர் சோதனைக்கும் சம்மதிக்கவில்லை. 22 வயது மகள் சோதனை செய்துகொண்டு 42 என்று வந்தால், அப்பாவின் முடிவும் அதே நொடியில் தெரிந்துவிடுகிறது. தெரிந்துகொள்ளாமல் இருக்கும் அவருடைய உரிமையும் அதோடு போகிறது. மகளின் உரிமையும் குறைந்ததல்ல. இங்கே சுலபமான தீர்வு கிடையாது. ரத்தம் எடுப்பதற்கு முன்பே அப்பாவும் மகளும் ஆலோசகர் முன் சேர்ந்து உட்கார்வதுதான் நாங்கள் கண்ட நல்ல வழி. ஒரே உருவ இரட்டையர் என்றால் ஒருவர் முடிவு இருவருக்குமானது. இருவர் சம்மதமும் வேண்டும்.

18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, அறிகுறி இல்லாதபோது, இந்தச் சோதனை கூடாது. பெற்றோர் கெஞ்சினாலும் கூடாது. அந்தப் பிள்ளை வளர்ந்து, நூற்றில் எண்பது பேரைப் போல ‘எனக்குத் தெரிய வேண்டாம்’ என்று முடிவெடுக்க நினைக்கலாம். தெரிந்த பிறகு, படிக்க வைக்கும் செலவு முதல் கொடுக்கும் செல்லம் வரை பெற்றோரின் பார்வையே மாறிவிடும்.

படிப்படியாக

சர்வதேச ஹண்டிங்டன் சங்கமும் உலக நரம்பியல் கூட்டமைப்பும் சேர்ந்து 1994 இல் வகுத்த வழிமுறையைத்தான் நல்ல மையங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. 2013 இல் அது புதுப்பிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸும் வேலூர் சி.எம்.சி.யும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எங்கே போனாலும் மரபணு ஆலோசகர், நரம்பியல் மருத்துவர், மனநல நிபுணர் மூவரும் இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ‘இன்று ரத்தம், பத்து நாளில் ரிப்போர்ட்’ என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். நோயுள்ளவரின் அறிக்கை, வம்சப் படம், உங்கள் பழைய மருத்துவச் சீட்டுகள், நம்பகமான ஒரு துணை ஆகியவற்றோடு போங்கள். துணையாக வருபவர் கணவனோ மனைவியோ நண்பரோ யாராகவும் இருக்கலாம். ஆனால் அதே ஆபத்தில் இருக்கும் உடன்பிறப்பு வேண்டாம். உங்கள் முடிவைக் கேட்கும் நொடியில் அவர் தன் முடிவைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

நரம்பியல் பரிசோதனை உண்டு என்றால், ‘ஏதாவது சிறு அறிகுறி தென்பட்டால் எனக்குச் சொல்லவா வேண்டாமா’ என்ற கேள்விக்கு முன்பே பதில் கொடுத்துவிடுங்கள். மரபணு அறிக்கை வரும் முன்பே பரிசோதனை மேசையில் விடை தெரிந்துபோவது உண்டு.

மனநலச் சந்திப்பைத் தேர்வு என்று நினைத்துப் ‘பாஸ்’ ஆக முயலாதீர்கள். உலகெங்கும் சோதனை செய்துகொண்ட 4,527 பேரை ஆராய்ந்து 1999 இல் வெளியான கணக்கில், 44 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவாக, கடுமையான விளைவு ஏற்பட்டிருந்தது: 5 தற்கொலை, 21 தற்கொலை முயற்சி, மனநலக் காரணத்துக்காக மருத்துவமனைச் சேர்க்கை 18. முந்தைய ஐந்து ஆண்டுக்குள் மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ஆகவே பழைய மனச்சோர்வையோ தற்கொலை எண்ணத்தையோ மறைக்காமல் சொல்லுங்கள். அதனால் கதவு மூடப்படாது. சிகிச்சை முதலில், சோதனை பிறகு என்று வரிசை மாறும், அவ்வளவுதான். வேலை போன மாதம், விவாகரத்து நடக்கும் காலம், வீட்டில் துக்கம் நடந்த ஆண்டு, பரீட்சைக்கு முந்தைய வாரம் எல்லாம் தள்ளிப்போட வேண்டிய நேரங்கள்.

தகவல் எல்லாம் கேட்ட பிறகு, முடிவெடுப்பதற்கு முன் குறைந்தது ஒரு மாதம் இடைவெளி. இதை வீண் தாமதம் என்று பலர் கோபப்படுகிறார்கள். அந்த மாதத்தில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ஒரு வாரம் முழுக்க ‘எனக்கு இருக்கிறது’ என்று முடிவாகிவிட்டதாக வைத்துக்கொண்டு வாழுங்கள்: காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு என்ன, யாரிடம் போய் உட்காருவீர்கள், வேலையை விடுவீர்களா. அடுத்த வாரம் ‘எனக்கு இல்லை’ என்று. இரண்டாவது வாரமும் எதிர்பார்த்த அளவு இனிக்காததைப் பலர் கவனிக்கிறார்கள். நோட்டில் எழுதி வைத்து அடுத்த சந்திப்புக்குக் கொண்டு போங்கள்.

ரத்தம் எடுப்பது இந்த வரிசையிலேயே மிகச் சிறிய வேலை. ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குப்பியில் 3 முதல் 5 மில்லி. வெறும் வயிறு தேவையில்லை. பச்சை மூடி ஹெப்பரின் குப்பி கூடாது, ஹெப்பரின், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும். குப்பியைக் குளிரில் உறையவிடவும் கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர் என்றால் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் ரத்தத்தில் ஓடுவது கொடுத்தவரின் டி.என்.ஏ. முடிந்தால் வெவ்வேறு நேரத்தில் இரண்டு மாதிரி எடுத்துத் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டு மாறிவிடும் பிழை அப்போதுதான் பிடிபடும்.

ரத்தம் கொடுத்த பிறகும் பின்வாங்கலாம். அறிக்கை தயாராகி மருத்துவர் மேசையில் இருக்கும்போதுகூட ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். உறையைப் பிரிக்காமல் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

முடிவு சொல்லும் நாள்

தேதியை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். வாரத் தொடக்கமாக இருந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை மாலை கேட்டால் அடுத்த இரண்டு நாள் ஆலோசகர் கிடைக்க மாட்டார். முடிவை நேரில்தான் கேட்க வேண்டும். தொலைபேசியில், அதுவும் பேருந்தில் நின்றுகொண்டு கேட்கக் கூடாது. அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம். துணைக்கு வந்தவர் ஓட்டட்டும்.

உள்ளே போனதும் முன்னுரை இல்லாமல், முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சொல்வது எதுவும் காதில் ஏறாது. விவரங்களைத் துணை எழுதிக்கொள்ளட்டும். எண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டுமா, ‘இருக்கிறது, இல்லை’ மட்டும் போதுமா என்பதும் உங்கள் விருப்பம்.

நோய்ப் பிரதி இருப்பதாக வந்தால், அது நோய் வந்துவிட்டது என்பதல்ல. இன்று காலை இருந்த அதே உடல்தான் இன்று மாலையும். அடுத்த நாளே வேலையை விடுவது, சொத்தைப் பிரிப்பது, உறவினர் எல்லோருக்கும் போன் போடுவது எல்லாம் ஒரு மாதம் பொறுக்கட்டும். ஒரு வாரத்துக்குள் ஆலோசகரிடமிருந்து அழைப்பு வர வேண்டும், வராவிட்டால் நீங்களே அழையுங்கள். பிறகு ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று சந்திப்புகள். தூக்கமின்மையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நோய்ப் பிரதி இல்லை என்று வந்தவர்களைத்தான் எல்லோரும் கைவிட்டுவிடுகிறார்கள். இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அண்ணனுக்கு இருந்து தனக்கு இல்லாமல் போன குற்ற உணர்வு சிறியதல்ல. ‘எப்படியும் நாற்பதில் எனக்கும் வந்துவிடும்’ என்று நம்பிப் படிப்பை விட்டவர், கல்யாணம் வேண்டாம் என்றவர், சேமிக்காமல் செலவழித்தவர், திடீரென்று முப்பது ஆண்டுக்கால வாழ்க்கையைக் கையில் வாங்கித் திகைத்து நிற்பார். இனி நோயுள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் ‘உனக்குத்தான் ஒன்றும் இல்லையே’ என்று அவர் தலையிலேயே விழும். அவருக்கும் அதே தொடர் சந்திப்புகள் வேண்டும்.

குழந்தை பற்றி யோசிப்பவர்கள்

கருத்தரிப்பதற்கு முன்பே ஆலோசகரைப் பாருங்கள். வயிற்றில் மூன்று மாதத்தோடு வந்தால் ஒரு மாத இடைவெளிக்கு நேரமிருக்காது. கருவில் சோதனை செய்ய 11 ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவையும், 15 ஆவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையும் எடுக்கலாம். இந்தியாவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மையத்தில் மட்டுமே இதைச் செய்ய முடியும், குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள். கருவுக்கு நோய்ப் பிரதி இருந்தாலும் பெற்றுக்கொள்வது என்று நீங்கள் தீர்மானித்துவிட்டிருந்தால், அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பிறக்கப் போகும் குழந்தைக்கு அதன் சம்மதமில்லாமல், பிறக்கும் முன்பே, முன்கூட்டிய சோதனை செய்ததாகிவிடும்.

தன் முடிவு தனக்குத் தெரிய வேண்டாம், ஆனால் நோய் பிள்ளைக்குப் போகக் கூடாது என்பவர்களுக்கும் வழி உண்டு. சோதனைக் குழாய்க் கருத்தரிப்பில் கருக்களைச் சோதித்து, நோய்ப் பிரதி இல்லாததை மட்டும் வைப்பார்கள். எத்தனை கருவில் இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவே மாட்டார்கள். இன்னொன்று விலக்குச் சோதனை. கருவின் 4 ஆம் குரோமோசோம் நோயுள்ள தாத்தா அல்லது பாட்டியிடமிருந்து வந்ததா, நோயில்லாத மற்றவரிடமிருந்து வந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். நோயில்லாதவரிடமிருந்து வந்திருந்தால் கருவுக்கு ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. நோயுள்ளவரிடமிருந்து வந்திருந்தால் கருவின் ஆபத்தும் உங்களுடையதைப் போலவே 50 சதவீதம். இதற்கு அந்தத் தாத்தா பாட்டியின் ரத்த மாதிரியும் தேவைப்படும். நோயுள்ளவரின் டி.என்.ஏ.வை உயிரோடு இருக்கும்போதே சேமித்து வையுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.